பதினாறு வயதில் பந்தயம் முடிந்துவிடாது

செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் என் தங்கையின் ஓட்டக் காலணி இரண்டு வாரமாக அப்படியே கிடக்கிறது. நான்காம் படிவத்துக்கு வந்துவிட்டாள், எஸ்.பி.எம். முடியும்வரை ஓட்டம் வேண்டாம் என்பது வீட்டின் முடிவு. நான்கு ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இதையேதான் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். தேர்வு முடிந்தது. ஆனால் நான் திடலுக்குத் திரும்பவே இல்லை.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். படிப்புதான் நமக்குச் சோறு போடும் என்ற பயம் நியாயமானது. ஆனால், ஓட்டத்தை இப்போது நிறுத்திவிட்டுப் பிறகு தொடரலாம் என்று நினைக்கிறோமே, அதுதான் நடப்பதில்லை.

எம். ராஜமணியை நினைத்துப் பாருங்கள். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதில் மலேசியாவுக்காக ஓடியவர் அவர். அப்போது அவருக்கு வயது இருபதுக்கு மேல். 1966இல் நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவரும் அவரே. பதினாறில் நிறுத்தியிருந்தால் இவற்றில் எதுவுமே நடந்திருக்காது.

படிப்பும் ஓட்டமும் ஒன்றாகப் போகாதா? ஷெரின் சாம்சன் வல்லபாய் அமெரிக்காவில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஓடினார். 1993இல் ரபியா அப்துல் சலாம் ஏற்படுத்திய 400 மீட்டர் தேசியச் சாதனையை 2022இல் அவர் முறியடித்தது அந்த மாணவப் பருவத்தில்தான். மறு ஆண்டு கம்போடியா சீ விளையாட்டில் தங்கமும் வென்றார். அவருடைய பெற்றோர் இருவருமே ஓட்டக்காரர்கள் என்பது உண்மைதான். எல்லா வீட்டிலும் அந்த வாய்ப்பு இல்லை. அதனால்தான் மற்ற பிள்ளைகளுக்குப் பள்ளியின் துணை இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

உலக அளவிலும் இதே கதைதான். நெதர்லாந்தின் ஃபேனி பிளாங்கர்ஸ்-கோன் 18 வயதில் பெர்லின் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டு பதக்கமின்றித் திரும்பினார். போரால் இரண்டு ஒலிம்பிக் போட்டிகள் நடக்கவில்லை. 1948இல் முப்பது வயதில், இரண்டு பிள்ளைகளின் தாயாக, இலண்டனில் நான்கு தங்கம் வென்றார். வீட்டில் இருந்து பிள்ளைகளைக் கவனிக்கச் சொன்னவர்கள் அவருக்கும் இருந்தார்கள்.

நம் பிள்ளைகள் எல்லாரும் ஒலிம்பிக் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு மாலை போதும். தேர்வு ஆண்டு மாணவிகளைப் பயிற்சிப் பட்டியலிலிருந்து பள்ளிகள் நீக்க வேண்டாம். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவு மதிப்பீட்டில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு உண்டு என்பதைப் பெற்றோரும் மறக்க வேண்டாம்.

வரும் சனிக்கிழமை காலை தங்கையைத் தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறேன். அம்மாவிடம் ஒரு மணி நேரம்தான் கேட்டிருக்கிறேன். என் பழைய காலணியையும் தேடி எடுத்துவிட்டேன்.