கால்வாய்க் கரைக்கு உரை வேண்டும்

சரித்திரச் சின்னம் என்றதும் நம்மனோர் உள்ளத்தில் முதற்கண் எழுவன கோட்டையும் கோபுரமும் அரண்மனையுமேயாம். அரசர் கட்டியனவே காணத்தக்கன, புலவர் பாடியனவே பேணத்தக்கன என்பது நெடுநாட் பழக்கம். நெசவாலை ஒன்றனைச் சுட்டி, 'இதுவும் சரித்திரமே' என்று ஒருவர் கூறுவாராயின் நம்முட் பலர் நகைப்பர். யானும் அவ்வாறு நகைத்தவனே. அந்நகை என்னைவிட்டு நீங்கிய வரலாற்றைக் கூறி, அதன்வழி ஒரு கருத்தினை ஆசிரிய உலகின்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், பொஸ்ரன் நகருக்கு வடமேற்கே ஏறக்குறைய 25 மைல் தொலைவில், லோவெல் என்றொரு கைத்தொழில் நகர் உளது. அதன் அயலிற் குடியேறி வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் அழைக்க, விடுமுறைக் காலமொன்றில் அவர் இல்லத்திற் சில நாள் தங்கினேன். "ஐயா, காலையில் நீரோரமாக நடந்து வருவோம்" என்றார் அவர். காற்று வாங்கும் நடை என்றெண்ணிப் புறப்பட்டேன். பாடங் கேட்டவனாய்த் திரும்பினேன்.

மெரிமாக் என்னும் ஆறு அவ்விடத்திலே போற்றக்கெற் அருவியாய் இறங்கி, ஒரு மைலுக்குட்பட்ட தூரத்தில் 32 அடி தாழ்கின்றது. அத்தாழ்வே அந்நகரின் உயர்வுக்கு வித்தாயிற்று. அருவியின் இடரைத் தவிர்த்துப் படகுகள் செல்லும் பொருட்டு 1796 இல் ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. 1820களின் தொடக்கத்தில் பொஸ்ரன் வணிகர் அதனைத் தம் வசமாக்கி அகலப்படுத்தினர். படகு சுமந்த நீர் அன்றுமுதல் ஆலைச் சக்கரத்தைச் சுழற்றலாயிற்று. 1823 இல் முதல் ஆலையின் துணி வெளிவந்தது. காலப்போக்கிற் கிளைக் கால்வாய்கள் பெருகி, 5.6 மைல் நீளமுள்ள வலையாய் நகரைச் சூழ்ந்தன. அக்கால்வாய்களின் கரைகளையும் ஆற்றங்கரையையும் ஒட்டிச் செல்லும் பாதைகளிலேதான் நாங்கள் நடந்தோம். ஒருபுறம் செங்கல் ஆலைகளின் நெடுஞ்சுவர். மறுபுறம் ஓசையின்றிச் செல்லும் நீர்.

தமிழ் கற்றவன் எங்குச் சென்றாலும் மூலம், உரை என்னும் இரண்டினையும் உடன்கொண்டே செல்வான். அந்நீரும் சுவரும் எனக்கு மூலமாய்த் தோன்றின. ஆங்காங்கு நின்ற விளக்கப் பலகைகளும், மாணாக்கர் கூறிய செய்திகளும், பின்னர் யான் தேடிப் படித்தனவும் உரையாய் அமைந்தன. உரையில்லாத மூலம் எவ்வாறு பலர்க்கும் பயன்படாதோ, அவ்வாறே உரையில்லாத கரையும் வெறும் நடைபாதையாய் ஒழியும். இதுவே யான் கூறக் கருதியது. இதனை நிறுவ அந்நகரின் பெயரொன்றே போதும்.

பிரான்சிஸ் கபட் லோவெல் என்பவர் ஒரு வணிகர். 1810 முதல் 1812 வரை பிரித்தானியாவில் தங்கி, ஆங்குள்ள விசைத்தறிகளின் அமைப்பை மனத்திற் பதித்து வந்து, தம் நாட்டில் அத்தகைய தறியை உருவாக்கச் செய்தவர். 1816 இல் இறக்குமதித் துணிக்கு விதிக்கப்பட்ட தீர்வை, விலை குறைந்த இந்தியக் கைத்தறித் துணியை அந்நாட்டுச் சந்தையினின்றும் விலக்கிற்று. அத்தீர்வைக்காக முயன்றவருள் இவரும் ஒருவர். இவர் 1817 இல் இறந்தார். இவர் பெயரைத் தாங்கிய ஊர் 1826 இல் அமைந்தது. 1836 இல் நகராயிற்று. தம் பெயர் பெற்ற நகரை அவர் கண்டாரில்லை.

கதை இவ்வளவில் முடிந்ததன்று. அவ்வாலைகளுக்கு வேண்டிய பருத்தி, அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைகளாய் வைக்கப்பட்ட ஆபிரிக்க மக்களின் உழைப்பில் விளைந்தது. அப்பருத்தியிலிருந்து நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி, அவ்வடிமைகளே உடுக்குமாறு தெற்கே அனுப்பப்பட்டது. அத்துணிக்கு அவர்கள் வழங்கிய பெயரும் 'லோவெல்' என்பதே. மனிதன் பெயர் நகருக்காகி, நகரின் பெயர் துணிக்காயிற்று. நம் இலக்கண நூலார் இதனை இருமடியாகுபெயர் என்பர். மாணாக்கருக்கு இதற்கு உதாரணமாய்க் 'கார்' என்னும் சொல்லையே யான் இதுகாறும் காட்டிவந்தேன். இனி இதனையுங் காட்டுவேன். ஒரு சொல்லினுள்ளே முதலாளியும் நகரும் அடிமையும் அடுக்காய் நிற்கின்றனர். முதலடுக்கை மட்டும் படிப்பவன் அச்சொல்லைப் படித்தவனாகான்.

கரையை அமைத்தவர் யாவர்? 1822 இல் அயர்லாந்திலிருந்து வந்த தொழிலாளர் முப்பதின்மர், ஹியூ கமிஸ்கி என்பவர் தலைமையில், பொஸ்ரனை அடுத்த சாள்ஸ்ரவுணிலிருந்து கால்நடையாகவே வந்து கால்வாய் வேலையில் இறங்கினர். ஆக, இக்கரையில் முதன்முதல் நடந்த நெடுநடை உடல்நலம் நாடிய நடையன்று. கூலி நாடிய நடை.

ஆலையில் உழைத்தவர் யாவர்? தொடக்கத்திற் பெரும்பாலோர் அயற் பண்ணைகளிலிருந்து வந்த இளம்பெண்கள். விடுதியில் தங்கி, மணியோசைக்கு எழுந்து, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் உழைத்தனர். அவ்வுழைப்பினிடையே 1840 முதல் 1845 வரை தாமே எழுதிய இலக்கிய இதழொன்றையும் நடத்தினர். 1842 இல் அந்நகரைக் காணவந்த நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கன்ஸ், அப்பெண்களின் தூய உடையையும் நூற்பயிற்சியையும் பெரிதும் வியந்து எழுதினார். அவர் கண்டது பொய்யன்று, எனினும் முழுமையுமன்று. 1834 இற் கூலி குறைக்கப்பட்டபோதும், 1836 இல் விடுதிச் செலவு உயர்த்தப்பட்டபோதும், அதே பெண்கள் தறிகளை விட்டுத் தெருவில் இறங்கினர். 1845 இல், சேரா பாக்லி முதலானோர் முன்னிற்க, பத்து மணி நேர வேலை வேண்டிச் சட்டசபைக் குழுவின்முன் சாட்சி கூறினர். பெண்களுக்கும் சிறாருக்கும் பத்து மணி நேரச் சட்டம் அம்மாநிலத்தில் வந்தது 1874 இல். ஒருநாள் விருந்தினர் கண்ணுக்கு இவையெல்லாம் புலப்படா. எத்துணைப் பெரிய எழுத்தாளராயினும், உரையின்றி மூலத்தைக் கண்டால் மேற்பரப்பே தோன்றும். சில நாள் விருந்தினனாகிய எனக்கும் இஃதோர் எச்சரிக்கை.

நடையின் இடையே, பூற் ஆலை என்னும் பழைய நெசவாலையினுட் புகுந்தோம். 1835 இல் தோன்றிய அந்நிறுவனம் 1950களின் நடுவில் மூடப்பட்டது. இன்று அவ்விடம் அருங்காட்சியகம். ஒரு கூடத்தில் 88 தறிகள் நிரல்பட நிற்கின்றன. உட்புகுவார்க்குக் காதடைக்கும் பஞ்சு தருகின்றனர். தறிகள் ஒருசில ஓடத் தொடங்கியதும் நிலம் அதிர்ந்தது. அருகில் நின்றார் வாய் அசைந்ததேயன்றிச் சொற் கேட்கவில்லை. என் மாணாக்கரின் மகள் பத்து வயதினள். வெளியே வந்ததும், "தாத்தா, இந்தக் கரை இவ்வளவு அமைதியாய் இருக்கிறதே, அந்தக் காலத்தில் அவர்களுக்கு அமைதி எங்கே இருந்தது?" என்று கேட்டாள். யான் விடை கூறவில்லை. அவ்வினாவை எழுப்பியதே அப்பாதையின் பயன் எனக் கருதினேன்.

மேலும் நடந்தால் ஒரு மதகு. யேம்ஸ் பிரான்சிஸ் என்னும் பொறியியலாளர், பெருவெள்ளம் கால்வாய் வழியே நகரினுட் புகாதவாறு தடுக்க, 1850 இல் மாபெரும் மரக் கதவொன்றை அமைத்துத் தொங்கவிட்டார். வீண் செலவு என்று கண்டோர் அதனைப் 'பிரான்சிஸின் பேதைமை' என எள்ளினர். இரண்டே ஆண்டில், 1852 இல், வெள்ளம் வந்தது. கதவு இறங்கிற்று, நகர் பிழைத்தது. 1936 இலும் அவ்வாறே. எள்ளியவர் பெயர் எவரும் அறியார். எள்ளற் சொல் மட்டும் இன்று அவருக்குப் புகழாய் நிற்கின்றது.

இத்தகைய கரையும் அழிந்தொழியும் நிலைக்கு வந்ததுண்டு. ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டபின், அவை வறுமையின் சின்னங்களாய் மக்கள் கண்ணை உறுத்தின. கால்வாய்களைத் தூர்த்துவிடலாம் என்றுங்கூட யோசனைகள் எழுந்தன. 1966 இல் டற்றன் தெருவின் பழைய விடுதி வரிசை இடித்து நீக்கப்பட்டது. அப்போதுதான் சிலர் விழித்தனர். அவருள் முதன்மையானவர் பற்றிக் மோகன் என்னும் கல்வியாளர். பின்னாளில் நகரப் பாடசாலைகளின் அத்தியட்சகரானவர். நகர் முழுவதுமே ஒரு பாடசாலையாகலாம், தம் முன்னோர் உழைப்பை அறிந்த பிள்ளை தன்னை இழிவாய் எண்ணான் என்பது அவர் கொள்கை. லோவெலிற் பிறந்த போல் சோங்கஸ் காங்கிரஸ் சபையில் முயன்றார். 1978 இல் அவ்வாலைகளும் கால்வாய்களும் தேசிய வரலாற்றுப் பூங்காவாய்ச் சட்டம் பெற்றன. ஆசிரியர் கூட்டம் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். அப்பாதைக்கு அடிக்கல் இட்டது ஓர் ஆசிரியரின் எண்ணம்.

இனி, மறுப்போர் கூற்று. 'காலையில் நடப்பவன் மகிழ்ந்து நடக்கட்டும். பழைய துன்பங்களைப் பலகையில் எழுதி அவன் மனத்தை வருத்துவானேன்?' என்பர் ஒரு சாரார். துன்பத்தை மறைத்துக் கட்டிய அழகு ஓவியத் திரை போல்வது; காற்றடித்தால் விலகும். அன்றியும், உண்மை அறிந்தவன் மகிழ்ச்சி குறைவதில்லை, ஆழமாகின்றது. 'பலகைகள் மலிந்தாற் கரையின் அழகு கெடும்' என்பர் மற்றொரு சாரார். இதில் உண்மை உண்டு. நல்லுரை, மூலம் எளிதாயவிடத்து வாளா செல்லும். அரிதாயவிடத்து மட்டும் நின்று பேசும். பலகையும் அவ்வாறே நிற்றல் வேண்டும்.

எனக்கும் ஒரு குறையுண்டு. ஆலைகள் பல இன்று குடியிருப்புகளாகியுள்ளன. பாழடைவதினும் அது நன்றே. மனிதர் வாழுங் கட்டடமே நிலைக்கும். ஆயினும் பளிச்சென்ற அச்சுவர்கள், தம்முள் முன்பு அடைபட்டிருந்த வெம்மையையும் பஞ்சுத் தூசியையும் இரைச்சலையும் எளிதில் மறக்கச் செய்கின்றன. ஒரு கூடத்திலேனும் தறிகள் ஓடிக்கொண்டேயிருத்தல் வேண்டும். செவி வருந்தாத சரித்திரம் சிந்தையில் நில்லாது.

அந்நகர்க்கு வந்தோர் வரிசையும் முடிந்தபாடில்லை. ஐரிஷாரை அடுத்துப் பிரெஞ்சுக் கனடியர், கிரேக்கர், போலந்தினர் எனப் பலர் வந்தனர். 1980களிற் போரினால் நாடிழந்த கம்போடியர் பெருந்தொகையாய் வந்து குடியேறினர். 1997 முதலாக அவர்கள் மெரிமாக் ஆற்றிலே தம் நாட்டு நீர்விழாவைக் கொண்டாடி வருகின்றனர். ஆலைச் சக்கரத்துக்கென அடக்கப்பட்ட ஆறு, வீடிழந்தார்க்கு விழாக்களமாயிற்று. இவ்வதிகாரம் இனித்தான் எழுதப்படல் வேண்டும். அதற்கும் உரைகாரர் வேண்டும்.

திரும்பும் வழியில் சிறுமி கால்வாய்க் கைப்பிடிமேற் சாய்ந்து நீரைப் பார்த்தாள். "இதை வெட்டியவர்களின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?" என்றாள். தலைவன் ஒருவன் பெயர் கிடைத்தது. ஏனையோர் பெயரை அவளுக்கு என்னாற் சொல்ல இயலவில்லை. பெயர் தெரியாத அவர்க்கெல்லாம் அக்கரையே நடுகல். அதனைக் கல்லென்று கடந்து செல்லாது, நடுகல்லென்று நின்று நோக்கக் கற்பிப்பது ஆசிரியர் கடன்.