இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றுவோர் கவனத்திற்கு

என் தாத்தா எங்கள் ஊரில் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதுவாயினும் அவருடைய குழாய் ஒலிபெருக்கிதான் பனைமரத்தில் ஏறும். ஒலிநாடா வந்ததும் தட்டுகள் தகரப் பெட்டிக்குள் போயின; பெட்டி பரணில் ஏறிற்று. சென்ற கோடை விடுமுறையில் இறக்கி எண்ணினேன். 143 தட்டுகள்.

“கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் பழைய சாமான் கடையில் போட்டுவிடு” என்றார் தந்தை. பரண் காலியானால் நெல் மூட்டை வைக்கலாம் என்பது அவர் கணக்கு. நானும் சரி என்றுதான் தொடங்கினேன். இன்று அவர் சொன்னதில் முதற்பாதியை மட்டுமே ஒப்புக்கொள்கிறேன்.

ஏற்றுவது அவசியம், அதில் ஐயமில்லை. முள் ஓடுந்தோறும் தட்டின் வரிப்பள்ளம் தேய்கிறது. கோப்பு தேய்வதில்லை. வினாடிக்கு 44,100 முறை ஒலியலையை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் குறித்தால், மனிதச் செவிக்கு எட்டும் 20,000 ஹெர்ட்ஸ் வரை பிடித்துவிடலாம். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 635 மெகாபைட் ஆகும். இடம் போகிறதே என்று நேரே எம்.பி.3 ஆகச் சுருக்குவோர் உண்டு. சுருக்கும்போது கழிந்தது மீண்டும் வராது. மூலப்பதிவை வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் வைத்துக்கொண்டு, கைப்பேசிக்கு வேண்டுமானால் அதிலிருந்து ஒரு எம்.பி.3 எடுத்துக்கொள்வதே முறை. 78 சுற்றுத் தட்டுக்குப் பருத்த முள் தனியே வேண்டும். எல்.பி. தட்டின் மெல்லிய முள்ளை அதில் ஓட்டினால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியைத்தான் கேட்க நேரும்.

என் சண்டை இவற்றோடு அல்ல. இரைச்சலை நீக்கித் தருகிற மென்பொருளோடுதான். நாகசுரத் தட்டொன்றை அதில் இட்டுச் ‘சுத்தம்’ செய்தேன். கீறல் ஒலி அறவே போய்விட்டது. பெருமையோடு தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

“தவிலுக்கு என்னலே ஆச்சு? சாக்கைப் போட்டு மூடுன மாதிரி கேக்கு” என்றார்.

அலை வடிவத்தைப் பார்த்த பிறகே விளங்கிற்று. கீறலும் திடீரென எழுந்து அடங்குகிறது; தவிலின் அடியும் திடீரென எழுகிறது. இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் இயந்திரம் தவிலையும் சீவிவிட்டது! இயற்பியல் படிக்கும் எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். பள்ளிக்கூடமே பாராத தாத்தாவின் காதுக்குத் தோன்றிற்று. நல்லவேளை, மூலப்பதிவை அழிக்கவில்லை. தட்டும் இருந்தது.

பள்ளிக்கூடம் பாராதவர் 143 தட்டுகளை எப்படி இனங்கண்டார்? நடுத்தாளில் பெயின்ட்டால் அடையாளம் வைத்திருக்கிறார். ஒரு சிவப்புப் புள்ளி என்றால் தாலி கட்டும் நேரம். இரண்டு என்றால் கொடை. கறுப்புக் கோடு துக்க வீட்டுக்கு. கணினியில் பாடல், பாடகர், ஆண்டு என்று கட்டங்கள் இருந்தன; நிரப்பினேன். சிவப்புப் புள்ளிக்குக் கட்டமில்லை. ஆகவே ஒவ்வொரு தட்டின் இரு பக்கத்தையும் படமெடுத்துக் கோப்புடன் சேர்த்துவிட்டேன். ஆயினும் படத்தைச் சுழலவிட்டு நாளை இதைவிட நல்ல முள்ளால் கேட்க முடியுமா?

நம் கல்லூரிக்கு வருவோரில் பலர் என்னைப்போல் கிராமத்தார். மைக் செட்டுக்காரர் ஒருவராவது இல்லாத ஊர் எது? அவர்கள் வீட்டுப் பெட்டிகள் எடைக்குப் போகுமுன் நம் இயற்பியல் துறை ஒரு நல்ல தட்டுச் சுழலியும் இருவகை முள்ளும் வாங்கி வைத்தால் என்ன? பேராசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். ஆள் பஞ்சம் வராது, நான் வருகிறேன்.

பொறுமை மட்டும் வேண்டும். 20 நிமிடம் ஓடும் பக்கத்தைப் பதிய 20 நிமிடம் ஆகும்; விரைவுபடுத்த வழியில்லை. அவ்வளவு நேரமும் தாத்தா பக்கத்தில் அமர்ந்து, எந்தத் தட்டு யார் கல்யாணத்தில் ஓடிற்று என்று சொல்லிக்கொண்டிருப்பார். 61 தட்டுகள் முடிந்தன. பெட்டி இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பரணில் நெல் மூட்டை ஏறிவிட்டதால் தந்தையும் ஒன்றும் சொல்வதில்லை.