எண்ணெயிற் சுழலும் சில்லு

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் பௌதிகம் கற்று, இப்பொழுது கனடாவின் ரொறன்ரோ நகரில் வாழும் பழைய மாணாக்கர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் எமக்கு ஒரு கடிதம் வரைந்திருந்தார். நலம் விசாரித்து முடித்தபின் அவர் எழுதியிருந்த செய்தி இது:

“ஐயா, என்னிடம் 1996 ஆம் ஆண்டு உற்பத்தியான செவ்ரலே இம்பாலா எஸ்.எஸ். வண்டி ஒன்று உள்ளது. அதன் முறுக்கமாற்றியைக் கழற்றிவிட்டு, பந்தய வண்டியிலிருந்து நண்பர் ஒருவர் கழற்றித் தருவதாகச் சொல்லும் ஒன்றை இடலாமென எண்ணுகிறேன். அதன் ‘ஸ்டோல்’ வேகம் 3,600 என்கிறார்கள். தாங்கள் என்ன கூறுகிறீர்கள்?”

கடிதத்தின் அடியில் வேறொரு வரியும் இருந்தது. சிறுநீரக நோயுற்ற தம் அன்னையாரை வாரத்தில் மூன்று நாள் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதும் அதே வண்டியிலேதான் என்று எழுதியிருந்தார். அவர் கேட்ட கேள்விக்குரிய விடை அந்தக் கடைசி வரியிலேயே பாதி அடங்கியிருப்பதாக எமக்குத் தோன்றிற்று.

இம்பாலா எஸ்.எஸ். என்பது ஒரு விந்தையான வண்டி. 1994 முதல் 1996 வரையான மூன்றே ஆண்டுகள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆர்லிங்டன் நகரில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தார் அதனைச் செய்தனர். அந்நாட்டுப் பொலிசார் ஓட்டிய கப்ரிஸ் வண்டியின் உறுதியான உறுப்புகளைக் கொண்டு ஆக்கப்பட்ட நான்கு கதவு வண்டி அது. நிறை 4,000 இறாத்தலுக்கு மேல். 5.7 லீற்றர் கொள்ளளவுள்ள எல்.ரீ.1 என்னும் எட்டு உருளை எஞ்சின் 260 பரிவலுவும் 330 இறாத்தல்-அடி முறுக்கமும் தரும். குடும்பம் முழுவதும் ஏறியமரலாம்; ஆயினும் உள்ளே உறங்குவது வேங்கை. இளைஞர் அதைத் தட்டியெழுப்ப விரும்புவதில் வியப்பில்லை.

முறுக்கமாற்றி என்பது யாது? கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் கிளச் மிதி இல்லை. எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே எண்ணெய் நிரம்பிய ஓர் உருண்டைக் கலம் உண்டு. அண்டா நீரை அகப்பையாற் சுழற்றினால் மேலே மிதக்கும் இலையும் கூடச் சுழலுமன்றோ? அகப்பை இலையைத் தொடவில்லை. நீரே அதை இழுத்துச் செல்கிறது. கலத்தினுள் எஞ்சினோடு சுழலும் பம்புச் சில்லு அகப்பையைப் போன்றது. கியர்ப் பெட்டியைச் சுழற்றும் டர்பைன் சில்லு இலையைப் போன்றது.

இம்மட்டில் இருந்தால் அது வெறும் எண்ணெய் இணைப்பேயாகும். இரண்டு சில்லுகளுக்கும் நடுவே ஸ்டேற்றர் என்னும் மூன்றாவது சில்லு ஒன்றும் இருக்கிறது. டர்பைனில் மோதித் திரும்பும் எண்ணெய், பம்பின் சுழற்சிக்கு எதிராகப் பாயும் இயல்புடையது. ஸ்டேற்றர் அதனைத் தடுத்துத் திசைதிருப்பிப் பம்புக்கு உதவியாக அனுப்புகிறது. அதனால் வண்டி நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது எஞ்சின் தரும் முறுக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. வேகம் கூடிச் சில்லுகள் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகச் சுழலத் தொடங்கியதும் ஸ்டேற்றரும் தன் ஒருவழிப் பூட்டு நெகிழ்ந்து உடன் சுழலும். முறுக்கப் பெருக்கம் நின்றுவிடும்.

இதனை முதலில் எண்ணியவர் ஹேர்மன் ஃபெற்றிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர். அவர் 1905 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றது மோட்டார் வண்டிக்காக அன்று, கப்பலுக்காக. வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனை மெதுவாகச் சுழலவேண்டிய கப்பல் விசிறியோடு இணைப்பதே அவருடைய நோக்கம். 1948 ஆம் ஆண்டில் பியூக் வண்டிகளின் டைனபுளோ அமைப்பின் மூலம் முறுக்கமாற்றி அமெரிக்கக் குடும்பங்களின் வீட்டு வாசலுக்கு வந்தது. மறு ஆண்டில் பக்கார்ட் நிறுவனத்தார் அதனுள்ளேயே ஒரு பூட்டுக் கிளச்சை வைத்தனர். நெடுஞ்சாலையில் எண்ணெய் வழுக்காதபடி இரு சில்லுகளையும் ஒன்றாகப் பூட்டிவிடுவது அது. மாணாக்கரின் வண்டியிலும் அத்தகைய பூட்டு உண்டு.

இனி ‘ஸ்டோல்’ வேகம். பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு பெற்றோல் மிதியை முழுதும் அழுத்தினால், எஞ்சின் ஒரு குறித்த வேகம்வரை ஏறி, அதற்குமேல் ஏறமாட்டாமல் நிற்கும். அதுவே ஸ்டோல் வேகம். இது முறுக்கமாற்றிக்கு மட்டும் உரிய எண் அன்று. எஞ்சினுக்கும் அதற்கும் பொதுவான எண். ஒரே முறுக்கமாற்றி வலிய எஞ்சினில் உயர்ந்த வேகத்தையும் மெலிந்த எஞ்சினில் தாழ்ந்த வேகத்தையும் காட்டும். ஆகவே பந்தய எஞ்சினில் 3,600 காட்டியது இம்மாணாக்கரின் எஞ்சினிலும் 3,600 காட்டும் என்பதற்கு உறுதி இல்லை.

மாணவர்கள் இங்கே ஒரு கணக்குச் செய்யலாம். ஒரேவிதமான அமைப்புடைய மாற்றிகளில், பம்பு உறிஞ்சும் முறுக்கம் சுழற்சி வேகத்தின் இரண்டாம் அடுக்குக்கும் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கும் விகிதசமமானது. 12 அங்குல மாற்றி ஒன்று 1,700 சுற்றில் நிற்கிறது எனக் கொள்வோம். அதற்குப் பதில் 10 அங்குல மாற்றியை இட்டால், விட்டத்தின் ஐந்தாம் அடுக்கு ஏறத்தாழ 0.40 மடங்காகக் குறையும். அதே முறுக்கத்தைத் தாங்க வேகம் 1.58 மடங்காக வேண்டும். அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,680 சுற்று. இரண்டே அங்குலம் செய்யும் வேலை இது! தகடுகளின் கோணத்தையும் ஸ்டேற்றரின் வடிவத்தையும் மாற்றியும் இவ்வேகத்தை ஏற்றி இறக்கலாம்.

இதனால் விளையும் நன்மை என்ன? எஞ்சின்கள் மிகத் தாழ்ந்த சுற்றில் முழு வலுவைத் தருவதில்லை. ஸ்டோல் வேகம் உயர்ந்தால், புறப்படும் கணத்திலேயே எஞ்சின் தன் வலுவான சுற்றை எட்டிவிடும். பாரமான வண்டியும் துள்ளிப் பாயும். ஆயின் வண்டியின் உச்ச வேகம் கூடப்போவதில்லை. எஞ்சினின் பரிவலுவும் ஒன்றேனும் கூடாது. கிடைக்கும் லாபம் முழுவதும் முதற் சில விநாடிகளுக்கே உரியது.

அதற்குக் கொடுக்கும் விலையோ வெப்பம். வண்டி அசையாது நிற்க, எஞ்சின் 300 இறாத்தல்-அடி முறுக்கத்தோடு 2,000 சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது வெளிப்படும் வலு 114 பரிவலு, அதாவது 85 கிலோவாற்று. வண்டி நகராமையால் அத்தனையும் எண்ணெயைச் சூடாக்குவதிலேயே செலவாகும். ஒரு கிலோவாற்று மின்கேத்தல்கள் 85ஐ அந்தச் சிறு கலத்துள் வைத்துக் கொதிக்க விட்டதற்கு ஒப்பு! ஸ்டோல் சோதனையை ஐந்து விநாடிக்கு மேல் நீட்டலாகாது என்று தொழில் தெரிந்தோர் எச்சரிப்பது இதனாலேதான். கியர்ப் பெட்டி எண்ணெய் சுமார் 80 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 11 பாகைக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைகளில் வழங்கும் ஒரு பொதுக் கணக்கு. எண்ணெய் கருகினால் கிளச் தகடுகளும் கருகும். அவை கருகினால் வண்டி நடுத்தெருவில் நின்றுவிடும்.

“அப்படியாயின் 2,800 ஸ்டோல் இட்ட வண்டி 2,800 சுற்றுவரை நகராமல் வழுக்கிக்கொண்டே இருக்குமோ?” என்றும் மாணாக்கர் வினவியிருந்தார். இல்லை. முறுக்கம் காற்பங்காகக் குறைந்தால் அதற்குரிய வேகம் பாதியாகும். மிதியை மெல்ல அழுத்திச் செல்லும்போது எஞ்சின் தரும் முறுக்கம் சிறிதே. ஆதலால் 1,400 சுற்றை அண்டியே வண்டி நகரும். எனினும் பழைய மாற்றியைக் காட்டிலும் வழுக்கல் கூடவே இருக்கும். நெடுஞ்சாலையில் அவ்வண்டி மணிக்கு 100 கிலோமீற்றர் செல்லும்போது, நான்காம் கியரில் பூட்டுக் கிளச் பிடித்த நிலையில், எஞ்சின் சுற்று ஏறக்குறைய 1,665 மட்டுமே. பூட்டு இல்லாத பந்தய மாற்றியை இட்டால் அவ்வளவு தாழ்ந்த சுற்றில் எண்ணெய் இடைவிடாது வழுக்கி இடைவிடாது சூடேறும். எனவே பூட்டில்லாத மாற்றி தெருவண்டிக்கு ஆகாது.

நாம் எழுதிய பதிலின் சாரம் வருமாறு:

“தம்பி, முறுக்கமாற்றியை வாங்குமுன் நான்கு எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளும். வண்டியின் நிறை, எஞ்சின் முறுக்கம், பின்னச்சின் விகிதம், ரயரின் விட்டம் ஆகியன அவை. அவற்றைச் செய்பவரிடம் கொடுத்து, உமது வண்டிக்கெனவே ஒன்றைக் கேளும். உமது எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. தாழ்ந்த சுற்றிலேயே நல்ல முறுக்கம் தருவது அது. ஆகவே 2,400க்கும் 2,800க்கும் இடைப்பட்டது போதும். 3,600 என்பது கேம் தண்டை மாற்றி, உயர்ந்த சுற்றிலேயே உயிர்பெறும் பந்தய எஞ்சினுக்கு உரியது. பூட்டுக் கிளச் கட்டாயம் இருக்கட்டும். மாற்றியை வாங்கும் பணத்தில் ஒரு பங்கை முதலில் எண்ணெய் குளிர்விப்பானுக்கும் வெப்பமானிக்கும் ஒதுக்கும். வண்டியின் கணினியிலும் கியர் மாறும் வேகத்தையும் பூட்டு விழும் வேகத்தையும் திருத்தவேண்டியிருக்கும்.

“இன்னொரு வழியும் உண்டு. பின்னச்சின் விகிதத்தை 3.08 இலிருந்து 3.73 ஆக்கினால், எந்தக் கியரிலும் சில்லுக்குச் செல்லும் முறுக்கம் நூற்றுக்கு 21 பங்கு கூடும். எண்ணெயும் அதிகம் சூடேறாது. ஆனால் 100 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் 2,016 சுற்று ஓடும்; பெற்றோல் சற்றுக் கூடச் செலவாகும். எதைக் கொண்டு எதை இழக்கிறோம் என்பதை உணர்ந்து தெரிவுசெய்வதே அறிவுடைமை.”

அவர் எமது சொல்லைக் கேட்டார். பந்தய மாற்றியைத் தவிர்த்து, பூட்டுடன் கூடிய 10 அங்குல மாற்றி ஒன்றைப் புதிதாகச் செய்வித்தார். ஆயினும் இடர் வேறு வழியால் வந்தது. அதனைப் பொருத்திய பட்டறையில் அவசரப்பட்டுவிட்டனர். முறுக்கமாற்றியின் கழுத்து கியர்ப் பெட்டியின் எண்ணெய்ப் பம்புக்குள் முழுவதும் சென்று அமரவேண்டும். சுழற்றிச் சுழற்றி உள்ளே தள்ளுகையில் படிப்படியாக அது இறங்குவதைக் கை உணரும். அவர்கள் அதனை அரைகுறையாக அமர்த்திவிட்டு, எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையே எஞ்சிய வெளியை ஆணிகளை முடுக்கியே மூடிவிட்டனர். பம்பு உடைந்தது. இரண்டு வாரம் வண்டி முடங்கிக் கிடந்தது. பனிக் காலம், வாரம் மும்முறை வாடகை வண்டியில் அன்னையாரை அழைத்துச் சென்றார். “அந்த ஆறு பயணங்களில் நான் கற்றதைப் பல்கலைக்கழகத்திலும் கற்கவில்லை, ஐயா” என்று எழுதினார்.

இரண்டாம் முறை அவரே உடனிருந்தார். பெட்டி எஞ்சினோடு கையாலேயே சேர்ந்து பொருந்தியது. ஆணிகளைப் பூட்டுமுன் முறுக்கமாற்றி தடையின்றிச் சுழன்றது. அதற்கும் எஞ்சினின் தகட்டுக்கும் இடையே ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் இடைவெளி இருந்தது. அதைக் கண்ட பின்னரே முடுக்கச் சொன்னார். இந்த மூன்று அடையாளங்களையும் மனத்திற் கொள்பவர் தம் கியர்ப் பெட்டியின் உயிரைக் காப்பவராவர்.

சென்ற மாதம் அவருடைய கடைசிக் கடிதம் வந்தது. வெற்றுச் சாலையில் மிதியை அழுத்தினால் வண்டி முன்னையினும் விரைந்து பாய்கிறதாம்; வெப்பமானியின் முள் எல்லை கடக்கவில்லையாம். அதன்பின் சிறிது மனத்தாங்கலோடு ஒரு வரி: “ஆனால் ஐயா, இவ்வளவும் செய்தும் அம்மாவுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. வைத்தியசாலை போய்ச் சேரும்வரை உறங்கிக்கொண்டே வருகிறார்.”

“தம்பி, நீர் சித்தியெய்திவிட்டீர்” என்று பதில் எழுதினோம்.