மீனுக்கும் ஒரு சம்ப் வேண்டும்!



நம்ம ஆரணியில் புது வீடு கட்டுகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். அஸ்திவாரம் போடும்போதே மேஸ்திரி கேட்கிற முதல் கேள்வி, "சம்ப் எந்தப் பக்கம் வரணும்?" என்பதுதான். தரைக்குக் கீழே சம்ப், மாடியில் டேங்க், நடுவில் ஒரு மோட்டார். குழாயில் தண்ணீர் வராத நாளிலும் குடும்பம் நடக்கிறது. இதை எந்தப் பாடப்புத்தகமும் நமக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் நம் கல்லூரி முன்கூடத்தில் நிற்கிற கடல்நீர் மீன் தொட்டி விஷயத்தில் மட்டும் இந்த ஊர்ப்புத்தி நமக்கு ஏன் வேலை செய்யவில்லை?

பேரவைக் கூட்டத்தில் நடந்தது பலருக்குத் தெரியும். தொட்டியில் இப்போது இரண்டு கோமாளி மீன்கள் இருக்கின்றன. 2003-இல் வந்த சினிமாவுக்குப் பிறகு உலகமே 'நீமோ' என்று கூப்பிடுகிற ஆரஞ்சு மீன். ஆண்டு விழாவுக்குள் புது விளக்கு, விளிம்பில் மாட்டுகிற புது ஃபில்ட்டர், நீமோவுக்குத் துணையாக இரண்டு நீல 'டோரி' மீன்கள் வாங்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கைதட்டலும் விழுந்தது. நான் எழுந்து, "அந்தக் காசில் முதலில் கீழே ஒரு சம்ப் வைப்போம்" என்றேன். "என்ன மச்சி, மீனுக்குக் கூடவா சம்ப் கட்டணும்? கார்ப்பரேஷன் தண்ணி வரலையா அதுக்கு?" என்று சிரிப்பு. சிரித்தவர்கள் என் நண்பர்கள்தான். கூட்டத்தில் நேரம் இல்லாததால் பதிலை மலரில் எழுதுகிறேன்.

தொட்டியை அளந்து பார்த்தேன். நீளம் 60 செ.மீ., அகலம் 30, உயரம் 38. பெருக்கினால் 68 லிட்டர். மணல், கல், மேலே விடுகிற இடைவெளி எல்லாம் போக உள்ளே இருப்பது 55 லிட்டர் தண்ணீர். நாலைந்து குடம்! கடலில் இருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஊரில், இந்த நாலைந்து குடத்துக்குள் ஒரு கடலை வைத்துக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

கடல்நீரில் உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு 2 லிட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து நான்கு நாள் விடுமுறை வந்து, வாட்ச்மேன் அண்ணனும் கவனிக்காமல் விட்டால் 8 லிட்டர் போய்விடும். 55 லிட்டர் 47 ஆகும். உப்பு 35-லிருந்து 41-க்கு ஏறும். அதே 8 லிட்டர் 115 லிட்டரிலிருந்து போனால் உப்பு 37.6-ல் நிற்கும். முதல் கணக்கில் மீன் துடிக்கும். இரண்டாவதில், திங்கட்கிழமை வந்து நல்ல தண்ணீர் ஊற்றினால் சமாளித்துவிடலாம். கூடுதலாக வைத்த 60 லிட்டர் நமக்கு வாங்கித் தருவது இந்த நேரத்தைத்தான். விடுதியும் பஸ்ஸும் செமஸ்டரும் என்று ஓடுகிற நமக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆவியாவதைவிட மோசமான எதிரி அம்மோனியா. மீனின் கழிவிலும், நாம் பாசத்தில் அள்ளிப்போட்டு அது தின்னாமல் விட்ட தீனியிலும் இருந்து வருவது. கிணற்றுத் தண்ணீரில் வளரும் மீனைவிடக் கடல்மீனுக்கு இது ஏன் கொடியது என்றால், கடல்நீரின் பி.ஹெச். 8-க்கு மேல். பி.ஹெச். 7-ல் இருக்கிற தண்ணீரோடு ஒப்பிட்டால், அதே அளவு அம்மோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு பத்து மடங்குக்கு மேல் கூடிவிடும். போதாததற்கு உப்புநீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 30 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் பிடிக்கும் என்றால் கடல்நீர் 6.2-தான் பிடிக்கும். ஆக, சின்னக் கடல்நீர்த் தொட்டி என்பது பிழை பொறுக்காத பாத்திரம். நம் ஊர்ச் சாயப்பட்டறையில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். சின்ன ஏனத்தில் ஒரு சிட்டிகை சாயம் கூடினாலும் பட்டு நூல் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது பாக்டீரியாக்கள். அவை ஒட்டி வாழ இடம் வேண்டும், காற்று வேண்டும். வெளிநாட்டில் இதற்குப் பவளப்பாறைத் துண்டுகளைத் தொட்டிக்குள் அடுக்குகிறார்கள். நாம் அப்படிச் செய்யக் கூடாது. பாறை கட்டும் பவளங்கள் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சட்டத்தை விடுங்கள். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டியெடுத்த காலம் ஒன்று இருந்தது. 21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன. அங்கிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து ஆரணியில் வைத்து அழகு பார்க்க எனக்கு மனசு வராது. ஆகவே பாக்டீரியாவுக்கான வீட்டை வேறு எங்காவது கட்டித்தர வேண்டும். கீழே வைக்கிற சம்ப் தவிர வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. பீங்கான் வளையங்களையும் பஞ்சையும் அங்கே நிறைய அடுக்கலாம். மேலே பார்க்கிறவர் கண்ணுக்கும் படாது.

இது என் மூளையில் உதித்த யோசனை அல்ல. லண்டனில் வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிட் என்று ஒருவர் இருந்தார். தொழில், புத்தகம் பைண்டிங். கல்லூரிப் பட்டம் எதுவும் இல்லாமல் மீன் தொட்டி விஷயத்தில் அந்தக் காலத்தின் பெரிய நிபுணராக உயர்ந்தவர். 1871-இல் கிரிஸ்டல் பேலஸ் மீன் காட்சியகத்தை அமைத்தபோது, ஜனங்கள் பார்க்கும் தொட்டிகளில் இருந்ததைவிடப் பல மடங்கு கடல்நீரை இருட்டான நிலத்தடித் தேக்கத்தில் வைத்தார். பம்ப் அதை ஓயாமல் மேலே அனுப்பியது. தொட்டிகள் வழியாக வழிந்து மறுபடி கீழே வந்தது. நம்ம வீட்டு சம்ப்பேதான்! காட்சிக்கு வைப்பது கொஞ்சம், காப்பாற்ற வைப்பது அதிகம் என்று ஒரு பைண்டருக்கு அன்றே புரிந்திருக்கிறது. டிப்ளமோதானே என்று நம்மைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிற உறவினர்களிடம் இந்த ஆளைப் பற்றிச் சொல்லுங்கள்.

இனி செய்முறை. மேசைக்குக் கீழே 80 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்று. மேல் தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் மேல்மட்டத்தில் ஒரு துளை, அதிலிருந்து பி.வி.சி. குழாய் கீழே. டப்புக்குள் முதலில் பஞ்சு, அடுத்து வளையங்கள், கடைசி அறையில் தண்ணீருக்குள் மூழ்கும் சின்ன மோட்டார். மோட்டார் பெட்டியில் போட்டிருக்கிற லிட்டர் கணக்கை நம்பாதீர்கள். அது தூக்கும் உயரம் சைபராக இருக்கும்போது வருவது. நமக்கு ஒரு மீட்டர் தூக்க வேண்டும். பெட்டியிலேயே இருக்கும் வரைபடத்தில் ஒரு மீட்டருக்கு என்ன வரும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் அரியர் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம், தப்பில்லை.

"கரண்ட் போனா தண்ணி எல்லாம் கீழ வந்து ஹால் நாறிடும்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நியாயமான கேள்வி. எல்லாத் தண்ணீரும் வராது. துளையின் மட்டம் வரைதான் வடியும். மட்டம் 3 செ.மீ. இறங்குகிறது என்றால், 60 × 30 × 3 = 5400 கன செ.மீ., அதாவது 5.4 லிட்டர். குழாயில் இருப்பதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். 80 லிட்டர் டப்பில் 60 லிட்டர்தான் ஓட்டப்போகிறோம். 20 லிட்டர் இடம் சும்மா இருக்கிறது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மோட்டாரிலிருந்து மேலே போகும் குழாயின் வாய் தண்ணீருக்குள் ஆழமாக மூழ்கியிருந்தால், கரண்ட் போனதும் அதுவே சைஃபனாகி மேல் தொட்டியை உறிஞ்சிவிடும். குழாய் வாயை மேல்மட்டத்திலேயே வைத்து, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அதில் ஒரு சின்ன ஓட்டை போட்டால் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். இன்னொன்று: கண்ணாடியில் துளை போடப் பயந்து விளிம்பில் தொங்கவிடும் சைஃபன் பெட்டி வாங்காதீர்கள். கரண்ட் வந்த பிறகு அது காற்றுப் பிடித்துக்கொண்டால், கீழே இருப்பதை மோட்டார் மேலே ஏற்றி ஏற்றித் தரையில் கொட்டும். துளைதான் நல்லது. சாதாரணக் கண்ணாடியாக இருந்தால் வைரத்தூள் பதித்த பிட்டால், தண்ணீர் விட்டுக்கொண்டே போடலாம். டஃபண்டு கண்ணாடி என்றால் தொடவே கூடாது, நொறுங்கிவிடும்.

பித்தளை வால்வு, செம்பு வாஷர் எதுவும் வேண்டாம். செம்பு கரைந்தால் இறால், நத்தை வகை எதுவும் பிழைக்காது. இரும்பு போல்ட்டும் உப்பில் தாங்காது. முக்கியமாக, சாய ரசாயனம் வந்த பழைய ட்ரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரும் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

சம்ப் வைத்துவிட்டால் தண்ணீர் மாற்றவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நைட்ரேட் மெதுவாகச் சேர்ந்துகொண்டுதான் இருக்கும். மாதாமாதம் கொஞ்சம் மாற்றியே ஆக வேண்டும். உப்புச் செலவும் கூடும். கூடுதல் 60 லிட்டருக்கு முதல் தடவை மட்டும் 2 கிலோவுக்கு மேல் கடல் உப்புக் கலவை வேண்டும். தண்ணீர் இரட்டிப்பானதால் மீனையும் இரட்டிப்பாக்கலாம் என்று கிளம்பினால் பழைய நிலைமைக்கே வந்துவிடுவோம். அந்த 'டோரி' மீன் வளர்ந்தால் ஒரு அடி வரும். நம் தொட்டியின் நீளமே இரண்டு அடி. அதற்கு நான் எப்போதும் எதிர் ஓட்டுதான்.

கோமாளி மீனே போதாதா? மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். கடலில் வலை போட்டுப் பிடிக்காத மீன் அது. கொளத்தூரில் விசாரிக்கும்போது, பண்ணையில் வளர்ந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்கலாம்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் டப், மோட்டார், குழாய், வளையங்கள் எல்லாவற்றுக்கும் விலை விசாரித்து ஒரு தாளில் எழுதிக் கொண்டுவருகிறேன். இயந்திரவியல் பிரிவில் துளை போடத் தெரிந்த இரண்டு பேர் ஏற்கெனவே சரி என்று சொல்லியிருக்கிறார்கள். துளை போடுகிற இரண்டு நாளும் அந்த இரண்டு மீனையும் வைக்க, மூடி போட்ட ஒரு வாளியும் காற்று மோட்டாரும் வேண்டும். விடுதி நண்பர்கள் யாராவது தர முடியுமா?

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை