கேட் திறக்காத நேரத்துக்குக் கட்டணம் கூடாது: கன்டெய்னர் நெரிசல் பற்றி எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

டெர்மினல் கேட் வண்டியை உள்ளே விடாத நேரத்துக்கும், யார்டு பெட்டியை எடுத்துக் கொடுக்காத நேரத்துக்கும் சரக்குக்காரரிடம் டிமரேஜ், டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணங்களை வசூலிக்கக் கூடாது. சென்னை வட்டாரத் துறைமுகங்கள் வழியாக ஏற்றுமதி, இறக்குமதி செய்யும் சிறு, நடுத்தர வணிகர்களின் சங்கமான எங்கள் நிலைப்பாடு இது. நெரிசல் தீர சாலை வேண்டும், யார்டில் இடம் வேண்டும், கப்பல்கள் சொன்ன நாளில் வர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் வருடங்கள் ஆகும். கட்டண மீட்டரை நிறுத்தி வைக்க ஓர் உத்தரவு போதும்.

எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு ஆம்பூரில் ஷூ தொழிற்சாலை இருக்கிறது. அவருடைய நாற்பதடி பெட்டிக்குத் தொழிற்சாலையிலேயே லோடு ஏற்றி, சீல் வைத்து, இரவு பத்து மணிக்கு டிரெய்லர் கிளம்பியது. விடியும் முன்பே எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசையின் வாலைப் பிடித்துவிட்டது. கப்பலுக்கான கட்-ஆஃப், அதாவது பெட்டி கேட்டுக்குள் போக வேண்டிய கடைசி நேரம், மறுநாள் காலை. அன்று பகல் முழுவதும் வண்டி நகர்ந்தது இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. டிரைவர் வண்டிக்கு அடியில் பாயை விரித்துப் படுத்தார். முன்வண்டி நகர்ந்தால் எழுப்பச் சொல்லிப் பின்வண்டிக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார். குளிக்கவும் கழிப்பறை போகவும் பெட்ரோல் பங்க்கைத் தேடிப் போக வேண்டும். போய் வருவதற்குள் வரிசை நகர்ந்துவிட்டால் இடம் போய்விடும். கேட்டை நெருங்கும்போது கட்-ஆஃப் முடிந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. பெட்டியை அடுத்த வாரக் கப்பலுக்குத் தள்ளினார்கள். வெளிநாட்டு பார்ட்டியைச் சமாதானப்படுத்தப் பாதிச் சரக்கை விமானத்தில் அனுப்பினார். அந்த ஆர்டரின் லாபம் அதிலேயே கரைந்தது. மூன்று வாரம் கழித்துக் கப்பல் கம்பெனியிடமிருந்து டிடென்ஷன் பில் வந்தது. நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட பெட்டி எண், கீழே டாலரில் ஒரு தொகை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஒரு வரிகூட இல்லை.

இறக்குமதி செய்பவர் படும் பாடு வேறு. டியூட்டி கட்டியாகிவிட்டது, கஸ்டம்ஸ் அனுமதி வந்துவிட்டது, டெலிவரி ஆர்டர் கையில் இருக்கிறது, வண்டியும் வாசலில் நிற்கிறது. ஆனால் அவருடைய பெட்டி அடுக்கின் அடியில் இருக்கிறது. யார்டு நிரம்பிவிட்டால் அடிப்பெட்டி ஒன்றை எடுக்க மேலே இருக்கும் மூன்று நான்கு பெட்டிகளை இறக்கி வேறிடத்தில் வைக்க வேண்டும். வைக்கவும் இடம் இருப்பதில்லை. ‘நாளைக்கு வாங்க’ என்று பதில் வருகிறது. அந்த நாளைக்கும் கட்டணம் ஓடுகிறது, அதுவும் முதல் சில நாட்களுக்கு ஒரு விலை, அடுத்த நாட்களுக்கு அதைவிடக் கூடுதல் விலை என்று படிப்படியாக ஏறிக்கொண்டே.

இந்தக் கட்டணங்களே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. இலவச நாட்கள் முடிந்த பிறகும் டெர்மினலில் கிடக்கும் பெட்டிக்கு டிமரேஜ் உண்டு, கிரவுண்ட் ரென்ட் உண்டு. கப்பல் கம்பெனியின் பெட்டியைத் தவணைக்கு மேல் நாம் வைத்துக்கொண்டால் டிடென்ஷன். சரக்கைச் சீக்கிரம் எடு, பெட்டியைச் சீக்கிரம் திருப்பிக் கொடு என்று முடுக்கத்தான் இந்த ஏற்பாடு. டெர்மினலைக் குடோனாகப் பயன்படுத்தி, சந்தை விலை ஏறட்டும் என்று பெட்டியை எடுக்காமல் விடுகிறவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். அவர்களிடம் கட்டணம் வாங்கட்டும். சங்கம் அவர்களுக்காகப் பரிந்து பேசாது. ஓட முடிந்தவனை முடுக்குவதில் பொருள் உண்டு. கேட்டுக்கு வெளியே கட்டிப்போட்டவனை முடுக்கி என்ன பயன்?

அமெரிக்காவின் கடல் வணிக ஆணையம் 2020-இல் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு விளக்கத்தை வெளியிட்டது. சரக்கை நகர்த்தத் தூண்டும் அளவுக்குத்தான் இக்கட்டணங்கள் நியாயம் என்றும், நகர்த்தவே வழியில்லாதபோது விதிப்பது நியாயமாகுமா என்பதை அந்த அளவுகோலால் பார்க்க வேண்டும் என்றும் அது சொன்னது. அதன் பிறகு லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களுக்கு வெளியே நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்துக் கிடந்த காலம் வந்தது. 2022 ஜூனில் அந்நாடு சட்டமே கொண்டுவந்தது. கட்டணம் நியாயம் என்று நிரூபிக்கும் பொறுப்பு இப்போது வசூலிக்கும் கப்பல் கம்பெனியுடையது. பில்லில் இருக்க வேண்டிய விவரம் இல்லையென்றால் கட்ட வேண்டியதில்லை. 2024 மே முதல் அமலில் உள்ள விதிப்படி, கட்டணம் ஓடி முடிந்த 30 நாட்களுக்குள் பில் வர வேண்டும். உலகம் முழுவதும் ஓடும் கப்பல் கம்பெனிகள்தான் அங்கே இந்த விதிக்குக் கட்டுப்படுகின்றன. அதே கம்பெனிகள் இங்கேயும் கட்டுப்பட முடியும்.

நம் நாட்டுக்கும் இந்தச் சிந்தனை புதிதல்ல. 2009-ஆம் ஆண்டின் கஸ்டம்ஸ் சரக்குக் கையாளுதல் விதிமுறைகளில், கஸ்டம்ஸ் பிடித்து வைத்த சரக்குக்கு அதை வைத்திருப்பவர் வாடகையோ டிமரேஜோ கேட்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கப்பல் போக்குவரத்து இயக்குநரகம், அந்தக் காலத்துக்கு டிடென்ஷன் வாங்க வேண்டாம் என்று கப்பல் கம்பெனிகளுக்குச் சொன்னது. சரக்குக்காரர் கையில் இல்லாத காரணத்துக்கு அவரைத் தண்டிக்கக் கூடாது என்ற நியாயம் இரண்டிலும் இருக்கிறது. அந்த நியாயத்தை அன்றாட நெரிசலுக்கும் நிரந்தர விதியாக்குங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

நெரிசல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பகுதி நம் கைக்கு எட்டாத தூரத்தில் தொடங்குகிறது. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியபின் பெரிய கம்பெனிகள் சூயஸைத் தவிர்த்து, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கின. பயணம் பத்து நாள், இரண்டு வாரம் என நீண்டது, அட்டவணை சிதறியது. நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் பஸ்ஸே வராமல் பிறகு மூன்று சேர்ந்து வரும் அல்லவா, அப்படித்தான் கப்பல்களும் வந்தன. கப்பல் வராத வாரத்தில் ஏற்றுமதிப் பெட்டிகள் யார்டில் சேர்ந்தன; சேர்ந்து வந்த வாரத்தில் இறக்குமதிப் பெட்டிகள் அவற்றின் மேல் விழுந்தன. கொழும்பு, சிங்கப்பூர் போன்ற, சரக்கைக் கப்பல் மாற்றும் துறைமுகங்களிலும் பெர்த்துக்குக் காத்திருப்பு கூடியது. அங்கே பெரிய கப்பலான மதர் வெசலைத் தவறவிட்ட ஃபீடர் சரக்கின் பாரம் மறுபடி இங்கேதான் வந்து இறங்கியது.

இதற்குத் துறைமுகத்தைக் குறை சொல்வது சரியல்ல. நாங்கள் சொல்லவும் இல்லை. ஆனால் சாலை நம்முடையது. நாட்டிலேயே முதன்முதலாக 1983-இல் கன்டெய்னருக்கென்று தனி டெர்மினல் கண்டது சென்னைத் துறைமுகம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் நகரம், நடுவில் விரிய இடமில்லை. இதை அறிந்துதான் துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்கு உயர்மட்டச் சாலை திட்டமிட்டார்கள். 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-இல் வேலை நின்றது. கூவம் ஓரத்தில் தலையில்லாத தூண்கள் பத்து வருடம் நின்றன. 2022 மே மாதம், ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு இரண்டடுக்குச் சாலையாக மறுபடி அடிக்கல் நாட்டப்பட்டது. அதே நாளில் அடிக்கல் நாட்டப்பட்ட மப்பேடு சரக்குப் பூங்காவும் எங்களுக்கு அவசியம். சாலை வேலை நின்ற பத்து வருடம் எங்களுக்கு எவ்வளவு இழப்பு என்பதை எழுதக் கணக்குப் புத்தகம் போதாது. இனி எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்த வேலை ஒரு நாள்கூட நிற்கக் கூடாது.

இன்னொன்றையும் தெளிவாக்க விரும்புகிறோம். நெரிசலைக் காரணம் காட்டிக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பல மடங்கு விரிவாக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் எங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். தங்கள் கடல் பறிபோகும் என்ற பழவேற்காட்டு மீனவர்களின் அச்சத்துக்கு முதலில் பதில் சொல்லட்டும். இன்றைய வரிசை கேட்டிலும் சாலையிலும் இருக்கிறது. அதைத் தீர்க்க யாருடைய கடலும் தேவையில்லை.

மீட்டரை நிறுத்துவது நடைமுறைக்கு ஒத்துவராது, யார் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று எப்படித் தெரியும் என்று எங்களிடம் கேட்கிறார்கள். தெரியும். ஒவ்வொரு ஏற்றுமதி, இறக்குமதிப் பெட்டியையும் லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் என்ற கண்காணிப்பு அமைப்பு ஆர்எஃப்ஐடி டேக் மூலம் பின்தொடர்கிறது. தொழிற்சாலையில் வைக்கும் மின்சீலுக்கு நேரப் பதிவு உண்டு. டிரெய்லரின் ஃபாஸ்டேக் எந்த டோலை எத்தனை மணிக்குக் கடந்தது என்பது பதிவாகிறது. டெர்மினல் கேட்டிலும் நேரம் பதிகிறார்கள். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் போதும். வரிசை தொடங்கும் இடத்தில் டேக் படிக்கும் கருவி ஒன்றை வைத்து, கட்-ஆஃபுக்கு முன் அந்த இடத்தைக் கடந்த பெட்டியை உள்ளே வந்த பெட்டியாகவே கொள்ள வேண்டும். அது கப்பலைத் தவறவிட்டால், அந்தக் காரணத்துக்காக டிடென்ஷன் ஓடக் கூடாது. இறக்குமதியில், வண்டியும் கஸ்டம்ஸ் அனுமதியும் தயாராக இருந்தும் பெட்டி கிடைக்காத ஒவ்வொரு நாளும் இலவச நாட்களோடு சேர வேண்டும். பில்லில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, இலவச நாட்கள், விகிதம் நான்கும் இருக்க வேண்டும். இல்லாத பில் செல்லாது.

கேட்பதோடு நாங்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. கட்-ஆஃப் நாளன்று கடைசி நேரத்தில் எல்லோரும் வண்டி அனுப்பும் பழக்கம் எங்களுடையது. முன்கூட்டியே நேரம் எடுத்து அனுப்ப உறுப்பினர்களை ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறோம். இரவு கேட் காலியாக இருக்கும்போது சரக்கு அனுப்பத் தொழிற்சாலைகள் ஷிப்டை மாற்ற வேண்டியிருக்கும். சிலர் மாற்றத் தொடங்கிவிட்டார்கள். வரிசையில் நிற்கும் நேரத்துக்கான ஹால்டிங் தொகை வண்டி உரிமையாளரோடு நின்றுவிடாமல் அதில் ஒரு பங்கு டிரைவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதப் போகிறோம். சாலையோரத்தில் கழிப்பறை, குளியலறை, குடிநீர் அமைக்க மாநகராட்சியும் துறைமுகங்களும் இடம் கொடுத்தால், கட்டும் செலவில் சங்கம் பங்கேற்கும்.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து உறுப்பினர்கள் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தாள் எழுதுவார்கள்: வரிசையில் சேர்ந்த நேரம், கேட் கடந்த நேரம், வந்த பில், அதிலுள்ள தேதிகள். மூன்று மாதத் தாள்களைச் சேர்த்து, துறைமுகம், கப்பல் போக்குவரத்து இயக்குநரகம், மாநில அரசு மூவரிடமும் நேரில் கொடுப்போம். அந்த ஆம்பூர் உறுப்பினரின் பில்லைக் கட்டாமல் எழுத்துமூலம் மறுத்திருக்கிறோம். முதல் தாள் அவருடையது.