தேவாங்கு போகும் வழி



மெலிந்த பிள்ளையைக் கண்டால் "தேவாங்கு மாதிரி இருக்கிறாய்" என்று கேலி செய்வது நம்மவர் வழக்கம். ஆனால் தேவாங்கைக் கண்ணால் கண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? வன்னியில் விறகுக்குப் போன சிலர் இருட்டும் நேரத்தில் கண்டிருக்கக்கூடும். அந்தத் தேவாங்குக்குக் குளிர்மலையிலும் ஓர் உறவு உண்டு. நுவரெலியா மாவட்டத்தின் ஹோட்டன் சமவெளிப் பக்கத்துக் காடுகளில் அது வாழ்கிறது. குரங்குக்குத் தூரத்துச் சொந்தம். நீளம் ஒரு சாண் அளவுதான். குளிருக்கென்றே அடர்ந்த உரோமம், கட்டையான கை கால்கள், முகத்தில் பாதியை அடைக்கும் இரண்டு கண்கள்.

1942 இல் ஒஸ்மன் ஹில் என்ற விலங்கியலாளர் இதைத் தனி வகையாக விவரித்து எழுதினார். ஆனால் 1930களின் பின் அறுபது வருடங்களுக்கு மேலாக யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் எண்ணினார்கள். 2002 இல் ஒரு தடவை தென்பட்டது. 2009 இல் நம் நாட்டு ஆய்வாளர்களும் லண்டன் விலங்கியல் சங்கத்தாரும் இரவிரவாகத் தேடி முதன்முதலாகப் படம் பிடித்தார்கள். அந்தப் படம் 2010 இல் வெளிவந்தது.

இவ்வளவு காலம் அது எங்கே போயிருந்தது? எங்கும் போகவில்லை, போகவும் முடியாது. தேவாங்கு குரங்கைப் போல் தாவாது. ஒரு கிளையைப் பிடித்து, அடுத்த கிளையைத் தொட்டு, பிறகுதான் முதற்கிளையை விடும். கிளை கிளையைத் தொடாத இடத்தில் அதன் பாதை முடிந்துபோகிறது. நமக்கு நாலு எட்டில் கடக்கிற ரோட்டு அதற்கு மதில்.

வெள்ளைக்காரர் காலத்தில் முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் மலைக்காடுகள் வெட்டப்பட்டன. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869 இல் வந்த இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை மலை முழுவதும் பரவியது. காட்டை வெட்டச் சொன்னவர்கள் துரைமார். வெட்டியவர்களில் நம் பாட்டன் பூட்டன்மார் பலர், அவர்கள் கேட்டு வாங்கிய வேலையல்ல. மிஞ்சிய காடு துண்டு துண்டாக நிற்கிறது. ஒரு துண்டில் இருக்கும் தேவாங்குக்கு அடுத்த துண்டில் துணை இருந்தாலும் போய்ச் சேர வழியில்லை. மரக்கறித் தோட்டமும் விறகுத் தேவையும் அந்தத் துண்டுகளின் ஓரங்களை இன்னும் தின்கின்றன. ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. ஆனால் பூங்காவுக்கு வெளியே நிற்கும் சிறு காடுகளுக்கு அவ்வளவு காவல் இல்லை.

விறகைப் பற்றிப் பேசினால் பழி பெண்கள் தலையில்தான் விழும். அடுப்பு எரிய வேண்டுமே! கவ்வாத்து வெட்டிய மிலாறு கிடைக்கும் காலத்தில் காட்டுக்குப் போகிறவர்கள் குறைவு என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். மிலாறும் எரிவாயுவும் கட்டுப்படியான விலையில் கிடைத்தால் பச்சை மரத்தில் கத்தி வைக்க யாருக்கும் ஆசையில்லை.

இன்னொரு கேடு மூடநம்பிக்கை. தேவாங்கின் குரல் அபசகுனம், அதன் கண் மருந்துக்கும் வசியத்துக்கும் உதவும் என்று சொல்லிக் கொல்கிறவர்கள் இருந்தார்கள். அதன் கண்ணில் மருந்தும் இல்லை, வசியமும் இல்லை. சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட பிராணி.

நான் சிறுமியாக இருந்தபோது என் அத்தை கொண்டுவந்த விறகுக் கட்டில் ஒரு தேவாங்கு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. எந்த வகையோ தெரியாது. லயத்தில் கூச்சல். "வீட்டுக்கு ஆகாது, அடித்துப் போடு" என்றார்கள். அத்தை மாமாவை இழந்தவர். கல்யாண வீட்டில் முன்வரிசையில் நிற்க அவரையும் விடமாட்டார்கள். "எதிரே வந்தால் ஆகாது என்று என்னையும்தான் சொல்கிறீர்கள்" என்றபடி அந்தக் கிளையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினார். நானும் பின்னால் ஓடினேன். காட்டோரத்து மரத்தில் கிளையைச் சாய்த்து வைத்தார். அது உடனே நகரவில்லை. இருட்டிய பிறகுதான் ஒரு கையை நீட்டி அடுத்த கிளையைப் பிடித்தது.