தண்டவாளத்தின் கணக்கும் சாலையின் கணக்கும்

டிராம் பழசாகிவிட்டது, அதனால் போனது. டீசல் பஸ் நவீனமானது, அதனால் வந்தது. நகரப் போக்குவரத்தின் வரலாற்றைப் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் இரு பெருநகரங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்காது. சிட்னியில் 1945 வாக்கில் ஆண்டுக்கு 40 கோடி டிராம் பயணங்கள் நடந்தன. 1961 பிப்ரவரியில் கடைசி வண்டியும் நின்றது. மெல்பர்னில் இன்றும் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளத்துக்கு உலகின் மிகப் பெரிய டிராம் வலையமைப்பு இயங்குகிறது. ஒரே நாடு, ஒரே காலம், ஒரே தொழில்நுட்பம். அமெரிக்காவில் பஸ் விற்பனையை ஏகபோகமாக்கச் சதி செய்ததாக ஜெனரல் மோட்டார்ஸ் உள்ளிட்ட நிறுவனங்களை 1949-இல் நீதிமன்றம் தண்டித்தது. பஸ்ஸுக்காகத் தனியார் நிறுவனங்கள் டிராமை ஒழித்தன என்ற அந்தக் கதையையும் இங்கே காரணமாகச் சொல்ல முடியாது. இரு நகரங்களிலும் டிராம் அரசுத் துறையின் கையில்தான் இருந்தது.

வேறுபாடு கணக்கு ஏட்டில் இருக்கிறது. போர்க்காலக் கூட்டத்தைச் சுமந்து தேய்ந்த தண்டவாளம், மின்கம்பி, வண்டி எல்லாவற்றையும் 1940-களின் முடிவில் புதுப்பித்தாக வேண்டும். டிராமுக்கு அது முழுவதும் சொந்தச் செலவு. பஸ் ஓடும் சாலையோ வேறு துறைகள் போட்டுத் தந்தது. ஆகவே பஸ் மலிவாகத் தெரிந்தது. சிட்னி இந்தத் தோற்றத்தை நம்பியது. மெல்பர்னில் 1949 முதல் 1970 வரை டிராம் வாரியத்தின் தலைவராக இருந்த பொறியாளர் ராபர்ட் ரிசன் நம்பவில்லை. புதுப்பிப்பதை நிறுத்தாமல், தண்டவாளங்களைக் கான்கிரீட்டில் பதிக்கவைத்தார். அவருக்கு வலுவான சான்று நகரின் நடுவிலேயே கிடைத்தது. பர்க் தெருவில் 1940-இல் கேபிள் டிராமை எடுத்துவிட்டு டீசல் மாடி பஸ்களை விட்டிருந்தார்கள். அவை கூட்டத்தைச் சமாளிக்கவில்லை. 1955-இல் அதே தெருவில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. பஸ்ஸை முழுதாகச் சோதித்துப் பார்த்த பிறகு எடுத்த முடிவு அது. பழமைப் பற்று என்று அதைத் தள்ளிவிட முடியாது.

மெல்பர்னின் மையத் தெருக்கள் சுமார் 30 மீட்டர் அகலம், சிட்னியின் தெருக்கள் குறுகல், அங்கே டிராம் நெரிசலைத்தான் கூட்டியது என்பார்கள். குறுகல் உண்மை. ஆனால் குறுகிய தெருவில் இடத்தை முதலில் யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி மேலும் கூர்மையாகிறதே தவிர மறைவதில்லை. நூறு பேரைச் சுமக்கும் வண்டியை அகற்றிவிட்டு, ஓரிருவர் உட்கார்ந்து போகும் கார்களுக்கு அந்த இடத்தை விட்டது சிட்னி. நெரிசல் தீரவில்லை. 2019-இல் ஜார்ஜ் தெருவின் ஒரு பகுதியில் கார்களை விலக்கி, டிராம் திரும்பியது. அந்தத் தடத்துக்கு ஏறத்தாழ 300 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவானது. 1961-இல் மிச்சமானதாக எழுதிய தொகையோடு இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பஸ் நினைத்த இடத்துக்குத் திரும்பும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. தண்டவாளம் எட்டாத புறநகர்களுக்கு அதுவே சரியான வண்டி. அன்றாடம் ஆயிரக்கணக்கானோர் ஒரே திசையில் போகும் பெருந்தடத்துக்கு அந்த நெகிழ்வு தேவையில்லை. தடை இல்லாத வழிதான் தேவை. மெல்பர்னும் இதை முழுதாகக் கொடுத்துவிடவில்லை. அங்கே தண்டவாளத்தில் சுமார் முக்கால் பங்கு இன்னமும் கார்களோடு பகிரப்படுகிறது. டிராமின் சராசரி வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர்தான். வண்டியைக் காப்பாற்றிய நகரம் அதற்குரிய சாலையை இன்னும் கொடுக்கவில்லை.